நடுவில் சுவர் வைத்த கிணறு

யுத்தம் தொடங்கி, மண்ணெண்ணெய் வாங்க வரிசையில் நிற்கப் பழகியிருந்த ஒரு சித்திரையில் புதுக்கோட்டை நகரசபையிலிருந்து தண்டோரா போட்டார்கள். சுற்றுவட்டாரத்துக் கிராமங்களில் காலரா தலைகாட்டியிருக்கிறது, டவுனில் உள்ள வீட்டுக் கிணறுகளுக்கெல்லாம் மருந்து போடவேண்டும், அதற்குத் தொண்டர்கள் தேவை, பெண்களும் வரலாம் என்று சொல்லிக்கொண்டே தண்டோராக்காரர் எங்கள் தெருவைக் கடந்து போனார். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். 'பெண்களும் வரலாம்' என்பது காதில் விழுந்ததும் முறத்தை வைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடினேன்.

நான் திருவரங்குளத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். எங்கள் ஊரில் கிணறு வயலில் இருக்கும். யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம். கல்யாணம் ஆகி டவுனுக்கு வந்தபிறகு, தெருவைப் பார்த்த கதவுகளைத்தான் பார்த்தேன். நூல் பிடித்தாற்போல நேரான தெருக்கள், ஒட்டி ஒட்டி வீடுகள். முன்பக்கம் இரண்டு ஆள் கைகோத்து நின்றால் அடைந்துவிடும் அகலம். பின்னால் எவ்வளவு தூரம் போகிறது, அங்கே என்ன மரம், என்ன மாடு, எப்படிக் கிணறு என்று ஒன்றும் தெரியாது. சாயங்காலத்தில் ராட்டினம் சுற்றும் சத்தம் மட்டும் பல வீடுகளிலிருந்து கேட்கும். வந்த நாளிலிருந்தே அந்தக் கதவுகளுக்குப் பின்னால் போய்ப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை.

தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த என் கணவரிடம் அன்று மாலையே கேட்டேன்.

"தொண்டு செய்யப் போறியா, வீடு பாக்கப் போறியா?" என்றார்.

"ரெண்டுக்குந்தான்" என்றேன். சிரித்துவிட்டார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

நகரசபைக் கட்டடத்தின் பின்புறம், வேப்பமரத்தடியில் எங்களைக் கூட்டி வைத்து சானிட்டரி இன்ஸ்பெக்டர் செய்துகாட்டினார். காக்கி உடுப்பு போட்ட ஒல்லியான மனிதர். கருஞ்சீரகம் போல மினுங்கிய ஒரு சிட்டிகைத் தூளை வாளித் தண்ணீரில் போட்டார். தூள் விழுந்த இடத்திலிருந்து ஊதா நிற நூல் நூலாக இறங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாளி முழுவதும் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. அதன் பெயர் பெர்மாங்கனேட் என்றார். ஊர் அதைச் சிவப்பு மருந்து என்றுதான் சொன்னது.

"ஆம்பளைங்க போனா பகல்ல எந்த வீட்டுலயும் கொல்லை வரைக்கும் விடமாட்டாங்க. அதான் ஒங்களைக் கூப்பிட்டோம்" என்றார். "வேண்டாம்னு சொல்ற வீட்டுல போடக்கூடாது. ஊத்துறதுக்கு முன்னாடி வேணுங்கிற தண்ணிய எறைச்சுக் காய்ச்சி வச்சுக்கச் சொல்லணும். நெறம் மறையிற வரைக்கும் கெணத்துல வாளி எறங்கக் கூடாது. மறுநாள் காலையில சரியாப் போயிடும்."

இரண்டிரண்டு பேராக அனுப்பினார்கள். எனக்குச் சேர்ந்தவர் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த ஒரு டீச்சர். ஆவூர்க்காரர், கிறிஸ்தவர், என் வயதுதான் இருக்கும். ஆண்கள் பிடிக்கும் பெரிய கறுப்புக் குடை ஒன்றை எப்போதும் கொண்டுவருவார். மருந்து டப்பா அவர் கையில், வாளி என் கையில்.

முதல் வாரம் எனக்குத் திருவிழா மாதிரி இருந்தது. ஒரு வீட்டுக் கிணற்றில் ஆமை வளர்த்தார்கள். ஒரு வீட்டில் மோர்ப்பானையைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குச் சற்று மேலே தொங்கவிட்டிருந்தார்கள், குளிர்ச்சிக்காக. ஒரு கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் விளக்கு வைக்கும் மாடம் இருந்தது. அங்கே போய் யார் விளக்கு ஏற்றுவது என்று கேட்டேன். அந்த வீட்டு அம்மாளுக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷம் அந்தக் கேள்வி தனக்குத் தோன்றவே இல்லை என்றார்.

டீச்சருக்கு அந்த வாரம் அப்படி இருக்கவில்லை. பல வீடுகளில் அவரைப் பார்த்ததும், "அந்தம்மா வாசல்லயே இருக்கட்டும், நீ மட்டும் வா" என்றார்கள். என் மாமனார் ஊருக்குத் தெரிந்தவர், அதனால் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. டீச்சர் டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டுக் குடையை விரித்துத் தெருவில் நிற்பார். ஒரு நாள் எனக்குத்தான் பொறுக்கவில்லை. "ஒங்களுக்குக் கோவம் வரலியா டீச்சர்?" என்றேன்.

"இவங்க வீட்டுப் பொண்ணு என்கிட்டதான் கணக்குப் படிக்குது. நான் தொட்ட சிலேட்டு ஆகுது, கெணறு ஆகல" என்றார். பிறகு, "அடுத்த வீடு எது?" என்று நடந்தார்.

அப்படிப் போகும்போதுதான் அந்த இரட்டை வீட்டுக்கு வந்தோம். ஒரே மாதிரி இரண்டு கதவுகள், ஒரே மாதிரி நிலை. அண்ணன் தம்பி வீடு என்று தெருவில் சொன்னார்கள். பாகம் பிரிந்தபோது தெருவாசலிலிருந்து கொல்லைக்கடைசி வரை ஒரு சுவர் எழுப்பிவிட்டார்களாம். ஏன் அவ்வளவு பகை என்று கேட்டால், எதிர்வீட்டில் ஒரு காரணம் சொன்னார்கள், பக்கத்து வீட்டில் வேறொன்று சொன்னார்கள். நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன்.

முதலில் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினோம். தலை நரைக்கத் தொடங்கிய ஒரு அம்மாள் கதவைக் கால்வாசி திறந்தார். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "எங்க கெணத்துல எதையும் போடவேண்டாம். நாங்க நல்லாத்தான் இருக்கோம்" என்று கதவை மூடிவிட்டார். மூடும்போது உள்ளேயிருந்து சாம்பிராணி வாசனை வந்தது.

தம்பி வீட்டில் கதவு திறந்தே இருந்தது. தம்பியின் மனைவி, என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், என்னை உள்ளே அழைத்தார். டீச்சர் தெருவிலேயே நின்றுகொண்டார். கொல்லையில் கிணற்றைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். பாதிக் கிணறுதான் இருந்தது. சுவர் நேராக வந்து கிணற்றின் நட்டநடுவில் ஏறி அந்தப் பக்கம் போயிருந்தது. வாய்க்குச் சற்றுக் கீழே ஒரு நீளக் கல்லைக் குறுக்கே போட்டு, அதன்மேல் சுவரைத் தூக்கியிருந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு ராட்டினம், அந்தப் பக்கம் ஒரு ராட்டினம். கல்லுக்குக் கீழே சுவர் கிடையாது. கோடையில் இறங்கிப்போன தண்ணீர் முழு வட்டமாகக் கிடந்தது.

"அங்கிட்டுப் போட்டாச்சா?" என்று அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"வேண்டாம்னுட்டாங்க."

"நெனைச்சேன்." கிணற்றைக் காட்டினார். "இப்படிக் குனிஞ்சு பாத்தா, எதுத்தாப்புல யாரு தண்ணி எறைக்கிறாங்களோ அவங்க முகம் தண்ணியில தெரியும். நான் கல்யாணமாகி வந்தப்பவே இந்தச் சொவரு இருந்துச்சு. அந்த அக்காவோட ஒரு வார்த்தை பேசுனதில்ல. முகமே தண்ணியிலதான் பழக்கம். பத்து நாளாப் பாக்குறேன், ராவும் பகலுமா எறைக்கிறாங்க. பிள்ளை அழற சத்தம் கேக்குது. மக பிரசவத்துக்கு வந்திருக்கு போல. என்ன பிள்ளைன்னுதான் தெரியல." என் கையைப் பிடித்தார். "ஒங்களை உள்ள விட்டா, கேட்டுட்டு வந்து சொல்லுவீங்களா?"

கதவைக் கால்வாசிக்குமேல் திறக்காத வீட்டில் எப்படிக் கேட்பது? அதைவிடப் பெரிய சங்கடம் வேறு இருந்தது. இந்தப் பக்கம் மருந்து ஊற்றினால் அந்தப் பக்கமும் போகுமே. வேண்டாம் என்ற வீட்டில் போடக்கூடாது என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்கிறார். வேண்டும் என்கிற வீட்டுக்கு எப்படி இல்லை என்பது? தெருவுக்குப் போய் டீச்சரிடம் சொன்னேன்.

"சொவரு தண்ணிக்குள்ள எறங்குதா?" என்று கேட்டார்.

"இல்ல."

"அப்பக் கெணறு ஒண்ணா, ரெண்டா?"

இருவரும் யோசித்தோம். கடைசியில், நகரசபை ஜாபிதாவில் இரண்டு கிணறு என்று எழுதியிருந்தாலும் காலராவுக்கு அது ஒரே கிணறுதான் என்று முடிவு செய்தோம். அண்ணன் வீட்டம்மாளிடம் முன்கூட்டிச் சொல்லிவிட டீச்சர் போய்க் கதவைத் தட்டினார். எவ்வளவு தட்டியும் திறக்கவில்லை. நான் தம்பி வீட்டுக்குத் திரும்பினேன். அந்தப் பெண் பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டு, நாங்கள் சொல்வதற்கு முன்னாலேயே அண்டா நிறையத் தண்ணீர் காய்ச்சி ஆறவைத்திருந்தார். வாளியில் மருந்தைக் கரைத்து ஊற்றினேன். ஊதா நிறம் புகை மாதிரி விரிந்து, குறுக்குக் கல்லுக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போயிற்று. அது போவதை நாங்கள் இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

சற்று நேரத்தில் அந்தப் பக்க ராட்டினம் சுற்றியது. வாளி இறங்கிற்று, ஏறிற்று. பிறகு ஒரு அலறல்.

"ஐயோ! தண்ணியெல்லாம் ரத்தமா வருதே!"

கிணறு அந்தக் குரலை எடுத்து இரண்டு மடங்காக எங்கள் பக்கம் எறிந்தது. நான் கிணற்றுக்குள் வாயை வைத்து, "பயப்படாதீங்க, மருந்துதான்" என்று கத்தினேன். என் குரல் அங்கே என்னவாகப் போய்ச் சேர்ந்ததோ, அலறல் கூடியது. நான் தெருவுக்கு ஓடினேன். அதற்குள் அந்த அம்மாள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, வாசலில் நின்ற டீச்சரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். "வாங்க, வந்து பாருங்க, எவளோ கெணத்துல என்னத்தையோ கொட்டிட்டா!" டீச்சர் குடையை மடக்கக்கூட நேரமில்லாமல் நடை, கூடம், அடுப்படி எல்லாம் கடந்து கொல்லைக்கே போய்விட்டார். பின்னாலேயே நானும் போனேன்.

டீச்சர் அந்த வாளித் தண்ணீரில் கையை நனைத்துக் காட்டினார். "ரத்தம் இல்லைங்க. நகரசபை மருந்து. ஒங்ககிட்டச் சொல்லத்தான் கதவைத் தட்டுனேன். காலையில நெறம் போயிரும்."

"காலையில வரைக்கும் நான் என்ன பண்ணுவேன்? பிள்ளை பெத்தவ உள்ள கிடக்கா. ஒரு குடம் தண்ணி வீட்டுல கெடையாது. இதுக்குத்தான் வேண்டாம்னேன்" என்று அந்த அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அறைக்குள்ளிருந்து குழந்தை அழுதது. இவ்வளவு நேரம் அவர் எங்கள்மேல் கோபமாக இருந்தார் என்று நினைத்திருந்தேன். அது பயம் என்று அப்போதுதான் தெரிந்தது.

நான் திரும்பித் தம்பி வீட்டுக்குப் போனேன். கிணற்றருகே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த அந்தப் பெண், கேட்பதற்கு முன்னாலேயே செப்புக்குடத்தில் காய்ச்சிய தண்ணீரை நிரப்பிக்கொண்டிருந்தார். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவழியாக நடந்தேன். எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு முகம் தெரிந்தது.

"இது யாரு வீட்டுத் தண்ணி?" என்றார் அந்த அம்மாள்.

"இந்தக் கெணத்துத் தண்ணிதாங்க. மருந்து ஊத்துறதுக்கு முந்தி எறைச்சுக் காய்ச்சுனது."

"எறைச்சது யாரு?"

நான் சுவரைப் பார்த்தேன். குடம் இடுப்பில் கனத்தது. உள்ளேயிருந்து, "ஆத்தா, தொண்டை காயுது" என்று மகளின் குரல் கேட்டது. அந்த அம்மாள் எழுந்து வந்து குடத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

திரும்பி வந்தவர் எங்களைப் பார்க்கவில்லை. நேரே கிணற்றடிக்குப் போய், ராட்டினத் தூணைப் பிடித்துக் குனிந்தார்.

"ஏத்தா... இருக்கியா?"

கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது. "இருக்கேங்க அக்கா."

"பொண்ணு பொறந்துருக்கு."

"தாயும் பிள்ளையும் சுகமா?"

"சுகந்தான். பால்தான் பத்தல."

"வெள்ளைப்பூண்டு குடுங்க அக்கா. பால்ல வேகவச்சு."

"குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

இவ்வளவுதான் பேசினார்கள். குடத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறுங்குடமாகக் கொடுக்காமல் அடியில் ஒரு கை கற்கண்டு போட்டு என்னிடம் தந்தார். டீச்சருக்கும் எனக்கும் தனித்தனியாக உள்ளங்கையில் வைத்தார்.

மறுநாள் காலை, நிறம் போயிற்றா என்று பார்க்க இன்ஸ்பெக்டரையும் கூட்டிக்கொண்டு போனோம். அவர் தெருவில் நின்றார், நாங்கள் ஆளுக்கொரு வீட்டுக்குள் போனோம். நான் தம்பி வீட்டுக்குள் போனபோது கிணற்றடியில் ஏற்கெனவே பேச்சு நடந்துகொண்டிருந்தது. "அங்கிட்டுத் தெளிஞ்சுருச்சா அக்கா?" "லேசா இருக்கு, ஒனக்கு?" தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்தது என்று டீச்சரும் நானும் பிறகு பேசிக்கொண்டோம்.

அந்த வருஷம் எங்கள் தெருக்களில் காலரா வரவில்லை. மருந்தாலா, தெய்வச் செயலா என்று ஊரில் வாதாடினார்கள். குழந்தையைத் தொட்டிலில் போட்ட அன்று தம்பி மனைவி தெருவாசல் வழியாகவே அண்ணன் வீட்டுக்குப் போய்வந்தார் என்றும், அதற்காக அவர் புருஷன் சில நாள் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை என்றும் கேள்விப்பட்டேன். அண்ணனும் தம்பியும் பேசியதாக யாரும் சொல்லவில்லை. சுவரும் அப்படியே இருந்தது.

அடுத்த கோடையில் நகரசபை மறுபடி எங்களைக் கூப்பிட்டது. நாங்கள் அந்தத் தெருவில் நுழைந்ததுமே அண்ணன் வீட்டம்மாள் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். "போன வருசம் அவ பக்கம் ஊத்துனீங்க. இந்த வருசம் எங்க பக்கந்தான் ஊத்தணும்" என்று டீச்சரை உள்ளே அழைத்துக்கொண்டு போனார்.

எனக்கு வேலை இல்லாமல் போயிற்று. தம்பி வீட்டில் உட்கார்ந்து வெள்ளரிப்பிஞ்சு தின்றேன். ஒரு வருஷமாக மனதில் இருந்ததை அன்று கேட்டுவிட்டேன். "அந்தச் சொவரு எதுக்குத்தான் வச்சாங்க?"

"எனக்கும் தெரியாது. அக்காவுக்கும் சரியாத் தெரியலயாம்" என்றார் அவர். "வச்சவங்களைத்தான் கேக்கணும்."

அவர் புருஷன் அப்போதுதான் கடையிலிருந்து வந்து கொல்லையில் கால் கழுவிக்கொண்டிருந்தார். ஆனது ஆகட்டும் என்று எழுந்துபோய் அவரிடமே கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார்.

"மருந்து போட்டாச்சுல்ல?" என்றார்.

"போட்டாச்சுங்க."

"பெறகென்ன?" என்று துண்டால் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.