முருங்கைக்கீரை மாதம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார்களுக்கு வயர் கட்டித் தரும் ஒரு கம்பெனியில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஊத்துக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். தினமும் பஸ் மாறிப் போய்வந்து அலுத்துப்போனதால், என்னோடு ஒரே லைனில் நின்ற இரண்டு பேருடன் ஒரு மாடி அறையில் வாடகைக்குச் சேர்ந்தேன். ஒருவர் திருப்பாச்சூர்க்காரர். எங்களில் மூத்தவர் என்பதால் பெரியக்கா. இன்னொருத்தி பள்ளிப்பட்டிலிருந்து வந்தவள், பள்ளிப்படிப்பு முடித்த கையோடு வேலைக்கு வந்த சின்னவள். வாய் ஓயாதவள். பசி பொறுக்கவே மாட்டாள்.

மாதம் ஒரு விதி என்பது அவள் கண்டுபிடித்ததுதான். போனில் யாரோ வெளிநாட்டுப் பெண் மாதாமாதம் ஒரு கெட்ட பழக்கத்தை விட்டுக்காட்டுவதைப் பார்த்துவிட்டு, "நாமளும் செய்லாம்க்கா. ஆளுக்கு ஒரு மாசம் விதி போடுவோம். மீறுனவங்க மத்தவங்க யூனிபாரத்த தொவைக்கணும்" என்றாள்.

"நீ மொதல்ல உன் தட்ட கழுவி வையி" என்றார் பெரியக்கா. ஆனால் ஒப்புக்கொண்டார்.

முதல் மாதத்துக்கு அவளே விதி போட்டாள்: கம்பெனி வாசலில் பஜ்ஜி கிடையாது. அவளே மூன்றாம் நாள் மாட்டிக்கொண்டாள். துப்பட்டாவில் எண்ணெய் வாசனை. "நைனா மேல சத்தியமா ஒண்ணே ஒண்ணுதான்க்கா" என்று அழாக்குறையாகச் சொல்லிக்கொண்டே எங்கள் யூனிபாரத்தை ஊறவைத்தாள். அடுத்து பெரியக்காவின் மாதம்: போனில் சுடிதார் ஆர்டர் செய்யக் கூடாது. அதில் எனக்குத்தான் கை அரித்தது. ஆனாலும் மாதக் கடைசியில் கையில் கொஞ்சம் பணம் நின்றபோது, மூவரும் சந்தைக்குப் போய் ஒரு நல்ல குக்கர் வாங்கினோம். அந்த அறைக்கு நாங்கள் சேர்ந்து வாங்கிய முதல் பொருள் அதுதான்.

மூன்றாவது என் முறை. காலையில் கம்பெனி வேன் வரும். சாயங்காலம் திரும்பி வர ஷேர் ஆட்டோ. அந்த ஆட்டோவை விட்டுவிட்டு நடக்கலாம் என்று நான்தான் சொன்னேன். சொன்ன என்னால்தான் முடியவில்லை. கன்டெய்னர் லாரிகள் புழுதி கிளப்பிப் போகும் ரோட்டில் அவர்கள் இருவரும் கதை பேசிக்கொண்டு முன்னால் போவார்கள். எனக்கு மூச்சு வாங்கும், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். செருப்பு கடிக்கிறது என்று சொல்லிப் பின்தங்குவேன். "விதி போட்ட ஆளு ஆம நட நடக்கறாங்க பாரு" என்று சின்னவள் சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

ஒருநாள் சிரிக்க முடியவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு லாரி எடைமேடையின் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கண் திறந்தபோது சின்னவள் தன் பாட்டில் தண்ணீரை என் முகத்தில் தெளித்துக்கொண்டிருந்தாள். பெரியக்கா நடுரோட்டில் நின்று ஆட்டோவை மறித்துக்கொண்டிருந்தார்.

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் கீழ்க்கண்ணை இழுத்துப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். "ரத்தமே இல்லியேம்மா ஒடம்புல. காலைல இன்னா சாப்புடற?" என்று கேட்டார்.

"டீ" என்றேன்.

"அப்புறம்?"

அப்புறம் ஒன்றும் இல்லை. காலையில் டீ, மதியம் கேன்டீன் சோறு, ராத்திரி இருந்தால் ஏதாவது. அதைத்தான் நான் சிக்கனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கோபம்தான், ஆனால் என் மேல் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. ஒரே அறையில் இருந்தும் கவனிக்கவில்லையே என்று தன் மேலேயே பட்ட கோபம்.

அறைக்கு வந்ததும் அவர் சொன்னார்: "நடக்கறது போதும், நிறுத்து. இன்னியிலர்ந்து புது விதி. காலைல மூணு பேரும் ஒக்காந்து நாஷ்டா துன்னுட்டுதான் வேன் ஏறணும். முருங்கக்கீர போட்ட கேவுரு அட. டெய்லி."

"டெய்லியா! அவங்களுக்குத்தான ரத்தம் இல்ல? நான் இன்னாக்கா பண்ணேன்?" என்றாள் சின்னவள். முருங்கைக்கீரையை அவளுக்குக் கண்ணில் காட்டக் கூடாது.

"விதின்னா மூணு பேருக்கும்தான். நீதான சொன்ன?"

கீரைக்குச் செலவில்லை. வீட்டுக்காரம்மாவின் பின்பக்கத்தில் மரம் இருந்தது. முதல் வாரம் அவர், "மரத்தையே மொட்ட அடிக்கப் போறீங்களாடி?" என்று சலித்துக்கொண்டார். விஷயம் தெரிந்த பிறகு, நாங்கள் வேலையிலிருந்து வருவதற்குள் அவரே ஒடித்து மாடிப்படியில் வைத்துவிடுவார். ஆய்ந்தே வைத்த நாட்களும் உண்டு.

விடியற்காலையில் பெரியக்கா கல்லில் கேழ்வரகு அடை தட்டுவார். சின்னவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவாள். நான் தின்றுவிட்டு ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைப் போடுவேன். அந்த மாத்திரை வயிற்றைப் புரட்டியது. நான்கைந்து நாள் பொறுத்தேன். பிறகு ஒரு காலை, "எனக்கு வேணாம்க்கா, நீங்க சாப்டுங்க" என்று தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

சின்னவளும் தன் தட்டைத் தள்ளினாள்.

"நீ சாப்டுடி" என்றேன்.

"நீங்க துன்னாதான் நான் துன்னுவேன்."

"பேஜாரு பண்ணாத. வேன் வந்துடும்."

"வரட்டுமே." முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பசி வந்தால் அழுதுவிடுகிற பெண் அவள். வயிறு கத்துவது எனக்கே கேட்டது. பெரியக்கா அடுப்பை அணைத்துவிட்டு அவரும் தட்டைத் தொடாமல் உட்கார்ந்தார். தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. யாரும் எழவில்லை. வேன் போய்விட்ட சத்தமும் கேட்டது.

எழுந்து உட்கார்ந்து, அழுதுகொண்டே அடையைப் பிட்டு வாயில் போட்டேன். சின்னவள் அந்த நொடியே தன் தட்டை இழுத்துக்கொண்டு, மூக்கைப் பிடிக்க மறந்து, முழு அடையையும் தின்று முடித்தாள். "பசிக்கு இதுகூட நல்லாதான் கீது" என்றாள். அழுகையோடு எனக்குச் சிரிப்பு வந்து புரையேறியது.

அன்றைக்குத் தாமதமாகப் போய் லைன் சூப்பர்வைசரிடம் மூவரும் வாங்கிக் கட்டிக்கொண்டோம். நான்தான் காரணம் என்று ஒருவரும் சொல்லவில்லை. வேனை விட்டுவிட்டோம் என்று மட்டும் பெரியக்கா சொன்னார். ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டபோது மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னார் நர்ஸ்; புரட்டல் குறைந்தது. ஒரு மாதத்துக்கென்று போட்ட விதி அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும் ஓடியது. மறுபடி ரத்தம் பார்த்தபோது, "பரவால்லியே, மொகத்துல கள வந்துகீது" என்றார் அதே நர்ஸ். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து அறை வரைக்கும் மூவரும் நடந்தே வந்தோம். நான் பேசிக்கொண்டே நடந்தேன்.

இப்போது நாங்கள் மூன்று இடத்தில் இருக்கிறோம். பெரியக்கா திருப்பாச்சூருக்கே திரும்பித் தையல் கடை வைத்திருக்கிறார். சின்னவள் கல்யாணமாகி ஆந்திர எல்லை தாண்டி நகரிப் பக்கம் போய்விட்டாள். நான் மீஞ்சூரில் வாழ்க்கைப்பட்டு, ரயிலில் அதே கம்பெனிக்குப் போய்வருகிறேன். விதி மட்டும் நிற்கவில்லை. முறை வருகிறவர் மாதப் பிறப்பில் தன் விதியைப் போனில் பேசி அனுப்புவார். பிள்ளை உண்டானபோது செக்கப்பில் ரத்தம் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். வெளியே வந்து முதலில் அவர்கள் இருவருக்கும்தான் போன் செய்தேன்; அதற்குப் பிறகுதான் அம்மாவுக்கு.

இந்த மாதம் சின்னவள் முறை. சாப்பிடும்போது போனைத் தொடக் கூடாதாம். கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் வீட்டுக்காரரும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எதிரில் வந்து உட்காருகிறார். குழந்தைக்கு ஊட்டிக்கொண்டே தன் கம்பெனிக் கதையெல்லாம் சொல்கிறார். இத்தனை நாள் இதையெல்லாம் எங்கே வைத்திருந்தாரோ தெரியவில்லை.