கைராசிக்காரி வளர்த்த காட்டுமல்லி

என் நாத்தனார் சோம்பேறி இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னோடு சண்டைக்கு வரக்கூடாது. பஸ் டிப்போவில் துப்புரவு வேலை அவளுக்கு. டிரிப் முடிந்து வருகிற பஸ்ஸில் ஏறினால் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, யாரோ ஒட்டிவிட்டுப் போன பபிள்கம்மைக்கூடக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் இறங்குவாள். வீட்டில்தான் ஒரு டம்ளரைக் கழுவ நாலு தடவை சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரருடைய தங்கை. கட்டிக்கொண்டவன் ஒருநாள் வெளியே போனவன் போனவன்தான். ஒரு தகரப்பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிறகு என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தார். மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர், ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, தூக்கிப் பிடித்தால் மட்டும் சாத்துகிற பாத்ரூம் கதவு. காலையில் ஒரு சண்டை, சாயந்திரம் ஒரு சண்டை. நடுவில் அவள் வேலைக்குப் போய்விடுவதால்தான் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம்.

டிப்போவுக்குப் புது மேனேஜர் வந்தார். வந்தவருக்குப் பஸ்ஸைவிடச் செடி மேல்தான் கண். முன்னால் ரோஜாவும் குரோட்டன்ஸும் வைத்தார். பின்பக்க மதில் ஓரம் பழைய டயர்களை மலை மாதிரிக் குவித்துப் போட்டிருந்தார்கள். அதை மறைக்க வேண்டும் என்று, ஊருக்கு வெளியே கல்லுடைக்கிற இடத்தில் தானாக முளைத்துக் கிடந்த காட்டுமல்லியை வேரோடு தோண்டிக் கொண்டுவந்து வரிசையாக நட்டார். மெல்லிசான கொடி, சின்ன இலை, பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. தண்ணீர் ஊற்றுகிற வேலையை என் நாத்தனார் தலையில் கட்டினார்கள். முன்பக்கம் டியூப் எட்டும். பின்பக்கம் எட்டாது. ஒர்க்‌ஷாப்பைச் சுற்றிக்கொண்டு வாளியில்தான் தூக்க வேண்டும். உன் முட்டி தாங்குமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்று பயம்.

நட்ட புதிதில் மழை இருந்தது, மழையே பார்த்துக்கொண்டது. மழை விட்ட பிறகு கொஞ்ச நாள் தூக்கினாள். முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கிக்கொண்டது. அப்புறம் அரை வாளி ஆனது. அப்புறம் கால் வாளி. அப்புறம் வெறும் வாளி. வெறும் வாளியை நிறைந்த வாளி மாதிரி ஒரு தோளை இறக்கி, மறு கையால் காற்றைத் துழாவிக்கொண்டு தூக்கிப் போவாள். பின்னால் போய் டயர் மேல் உட்கார்ந்து காலை நீவிவிட்டு, வாளியை ஆட்டிக்கொண்டு திரும்பி வருவாள். வீட்டில் எனக்கு நடந்தே காட்டினாள். எனக்குச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. செடி செத்தால் வெயில் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று அவள் கணக்கு. நானும் சரி என்றுதான் சொன்னேன்.

வெயில் வந்தது. அந்த வருஷத்து வெயிலில் முன்னால் இருந்த ரோஜா, தினமும் டியூப் தண்ணீர் குடித்தும் கருகிப் போனது. பின்பக்கம் என்ன ஆயிற்று என்று இவள் நிமிர்ந்து பார்ப்பதையே விட்டிருந்தாள். ஒருநாள் காலையில் பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் வெளியே வந்து மூக்கை உறிஞ்சி, யார் சென்ட் பாட்டிலை உடைத்தது என்று கேட்டானாம். டீசல் நாற்றத்தையும் மீறிக்கொண்டு வாசனை. போய்ப் பார்த்தால் மதில் தெரியவில்லை. அத்தனையும் வெள்ளைப் பூ. டயர் மேலெல்லாம் ஏறிப் படர்ந்து கிடந்தது.

அன்று சாயந்திரம் வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, எல்லாரையும் கூப்பிட்டு நிக்க வச்சு எனக்குக் கை தட்டுனாங்க."

"எதுக்கு? வாளி தூக்குன அழகுக்கா?"

"செடிக்கு. இந்தப் பஞ்சத்துலயும் ஒண்ணுகூடச் சாகாம காப்பாத்தினேனாம்."

"நீதான் ஒரு சொட்டு ஊத்தலையேடி."

"அதான் அண்ணி," என்றாள். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. அவள் சிவப்பு இல்லை. அந்தக் கறுப்பிலும் சிவந்தது தெரிந்தது.

மேனேஜர் சும்மா விடவில்லை. இவள் கையில் ஒரு பூவாளியைக் கொடுத்துப் போட்டோ எடுத்து வாசல் போர்டில் மாட்டிவிட்டார். அதிலிருந்து கைராசிக்காரி என்று பெயர். லேடி கண்டக்டர்கள் வீட்டிலிருந்து நாற்றுக் கொண்டுவந்து, அக்கா, நீங்க தொட்டுக் குடுங்க என்றார்கள். புதிதாகக் கேன்டீன் எடுத்தவன் முதல் டீயை இவள் கையால் ஊற்றச் சொன்னான். இவள் ஊற்றினாள், பாதி சாஸரில் கொட்டியது. அதற்கும் நல்ல சகுனம் என்றார்களாம். போட்டோவைப் பார்க்க வெட்கப்பட்டுப் பின்வாசல் வழியாகப் போக ஆரம்பித்தாள். பின்வாசலில் பூ. நின்றால் மணக்கிறது, நடந்தால் மணக்கிறது. ஓடி ஒளிய இடமில்லை.

சொல்லித் தொலைத்துவிடு என்றேன். சொல்கிறேன் என்பாள். போவாள், யாராவது அக்கா என்று சிரிப்பார்கள், வாய் மூடிக்கொள்ளும். அவளை யாரும் அதற்கு முன் பாராட்டியதில்லை, அதுவும் உண்மை. நானும் பாராட்டியதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்த டிரைவர் வந்தார். தூர ரூட் ஓட்டுகிறவர், ரிட்டயராகப் போகிற வயது, ஒரு வார்த்தை அதிகம் பேசாத மனுஷன். அவர் சம்சாரம் போன வருஷம் இறந்துவிட்டாள். அந்த அம்மா, மேனேஜருக்கெல்லாம் முன்னாலேயே, ஒரு காட்டுமல்லியைப் பெயர்த்து வந்து பெயின்ட் டின்னில் வைத்து மாடி வராந்தாவில் வளர்த்தவள். அவள் போனபிறகு அது இலையெல்லாம் உதிர்ந்து குச்சியாக நின்றது. அதைப் பஸ்ஸில், தன் சீட்டுக்குப் பக்கத்தில் துண்டால் கட்டி வைத்துக் கொண்டுவந்து இவள் கையில் கொடுத்தார்.

"துணிமணியெல்லாம் பொண்ணு எடுத்துட்டுப் போயிட்டா அக்கா. அவ கைபட்டு உசுரோட இருக்கறது இது ஒண்ணுதான். உங்க கையில இருந்தா பொழைச்சுக்கும்."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். இவள் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள்.

வீட்டு ஜன்னலில் டின்னை வைத்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு குழந்தை பிறந்த மாதிரிதான். எழுந்ததும் தண்ணீர். வேலைக்குக் கிளம்பும்போது ஒரு சொம்பு. வந்ததும் செருப்போடு போய் ஒரு சொம்பு. டீத்தூள் சக்கை, முட்டை ஓடு எல்லாம் அதற்குத்தான். குச்சியை ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். அந்த மதிலுக்கு ஏமாற்றிய தண்ணீரையெல்லாம் சேர்த்து இந்த டின்னில் ஊற்றினாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டின் அடியிலிருந்து ஒழுகி என் கூடத்துத் தரை எந்நேரமும் நசநசவென்று கிடந்தது. இது செடியா எருமையா, போதும் விடு என்று கத்தினேன்.

"அங்கதான் ஏமாத்திட்டேன் அண்ணி. இங்கயாவது ஒழுங்கா செய்யறேன்," என்றாள்.

முதலில் இரண்டு துளிர் விட்டது. அடுத்த நாளே போய் டிரைவரிடம் சொன்னாள். அவர் சிரித்தாராம். அவர் சிரித்துப் பார்த்ததே இல்லை என்று என்னிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். ஒரு வாரத்தில் துளிர் மஞ்சளானது. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றினாள். தண்டு அடியில் கறுத்தது. மண் சாக்கடை மாதிரி நாறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னதான் ஆயிற்று என்று லேசாகப் பிடித்து இழுத்தாள். ஒரு பிடிமானமும் இல்லாமல் கையோடு வந்துவிட்டது. வேர் ஊறின நூல் மாதிரி தொங்கியது.

அதைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றாள். "அண்ணி, அப்ப மதில்ல இருக்கறது மட்டும் எப்படிச் சாகல?"

"நீ கிட்டயே போகலையே, அதனால," என்றேன். என் வாய் அப்படித்தான். சொன்ன பிறகுதான் எனக்கே அதுதான் உண்மை என்று உறைத்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்ரூமுக்குள் போனாள். கதவைத் தூக்கிச் சாத்துகிற சத்தம் கேட்டது.

அடுத்து வந்த யோசனை என்னுடையதுதான். மதில் ஓரத்திலிருந்து ஒரு செடியைப் பெயர்த்து அதே டின்னில் வைத்துவிடு, பூவுக்கு என்ன மூக்கும் முழியுமா இருக்கிறது, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்றேன். மறுநாள் பையில் சாக்கைச் சுற்றி ஒரு செடியைக் கொண்டுவந்தாள். வேறு மண் போட்டு நட்டாள். ஒரே ஒரு கை தண்ணீர் தெளித்தாள், அதோடு சரி. அது பிடித்துக்கொண்டது. டிரைவர் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். நல்லா இருக்குங்க என்று சொல்லிவிட்டு, துடைத்த சீட்டையே மறுபடி துடைப்பாளாம்.

அவர் கடைசி டிரிப்புக்கு முந்தின நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். பெண் இருக்கிற ஊருக்கே போகப் போகிறார், செடியை வாங்கிக்கொள்ள வேண்டும். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நான் டீ போட்டுக் கொடுத்தேன். ஜன்னலில் டின். சொல்லி வைத்த மாதிரி அன்றைக்குத்தான் அது பூத்திருந்தது. அவர் எழுந்து போய் மூக்கைப் பூவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டார்.

"அவ வந்து நிக்கற மாதிரி இருக்கு அக்கா," என்றார்.

நான் இவளைப் பார்த்தேன். இவள் அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது அது இல்லீங்க," என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். வேர் அழுகியதை, அதைக் குப்பையில் போட்டதை, மதிலிலிருந்து பெயர்த்து வந்ததை. அதோடு நிறுத்தியிருக்கலாம். வெறும் வாளியையும் சொன்னாள், போட்டோ பொய் என்பதையும் சொன்னாள். தலையை நிமிர்த்தவே இல்லை. செடியை மாற்றிவைக்கச் சொன்னது அண்ணிதான் என்று ஒரு வார்த்தை என் பக்கம் தள்ளிவிடுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நானே சொன்னேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் திரும்பி வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கோபமே இல்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அவ இருந்தப்ப என்னைத் திட்டுவா. இதுக்குத் தண்ணி காட்டாதீங்க, அழுகிடும்னு. உங்ககிட்ட குடுக்கும்போது சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கைராசிக்காரங்களுக்குப் போய் நான் என்ன சொல்றதுன்னு விட்டுட்டேன்."

இவள் அதைக் கேட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒரே வார்த்தையில் தப்பியிருக்க வேண்டிய செடி. இவள் வாங்கிக் கட்டிக்கொண்ட பேர்தான் அந்த வார்த்தையை வெளியே வரவிடாமல் அடைத்துவிட்டது.

இதையாவது எடுத்துக்கொண்டு போங்கள் என்று கெஞ்சினாள். அவர் யோசித்தார். வேண்டாம், டின்னை மட்டும் கொடுங்கள் என்றார். அது அந்த அம்மா வாங்கி, அடியில் ஆணியால் ஓட்டை போட்ட டின். இவள் தன் கையாலேயே அந்தச் செடியைப் பூவோடு பிடுங்கித் தரையில் வைத்தாள். மண்ணைக் கொட்டினாள். டின்னைக் கழுவி, துணியால் உள்ளே விட்டு ஈரம் போகத் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தாள். அவர் வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, டீ நல்லா இருந்துச்சும்மா என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படி இறங்கினார். பாதி டீ அப்படியே இருந்தது.

மறுநாள் இவள் விடிந்ததும் போய் மேனேஜரிடம் போட்டோவைக் கழற்றச் சொன்னாள். அவர் தன்னடக்கம் என்று நினைத்து இன்னும் புகழ ஆரம்பித்தாராம். எல்லார் முன்னாலும் உண்மையைச் சொன்ன பிறகு கழற்றினார். சிலர் சிரித்தார்கள். கேன்டீன்காரன் சிரிக்கவில்லை, அவனுக்கு அந்த முதல் டீ நினைவுக்கு வந்திருக்கும்.

சாயந்திரம் டிரைவர் கடைசி டிரிப் முடித்து இறங்கினார். ஒவ்வொருத்தராகக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொண்டு போனாராம். கைராசி அக்கா எங்கே என்று கேட்டாராம். அந்தப் பேரையே சொல்லித்தான் கேட்டாராம். யாருக்கும் தெரியவில்லை. இவள் சர்வீஸுக்கு நின்ற ஒரு பஸ்ஸில் ஏறி, கடைசி சீட்டுக்கும் அதற்கு முன்சீட்டுக்கும் நடுவில் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். அவர் கேட்டது இவளுக்குக் காதில் விழுந்திருக்கிறது.

"ஏன்டி, போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வர வேண்டியதுதானே?" என்றேன், ராத்திரி வீட்டுக்கு வந்தவளிடம்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அண்ணி போவேன்?"

இருக்கிறது ஒரு மூஞ்சிதான், அதைத்தான் வைத்துக்கொண்டு போக வேண்டும் என்றேன். அதற்குள் அவர் பெண் ஊருக்குப் பஸ் ஏறியிருப்பார். அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள்.