மனித நடமாட்டம்: இல்லை

யாராவது பேய், காத்துக்கருப்பு என்று பேச்செடுத்தால் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பவில்லை என்றால் எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால், கிழவனுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்றுதான் சொல்வேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

அறுபதுகளின் நடுவில் இருக்கும். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டுச் செஞ்சி பஜாரைச் சுற்றிக்கொண்டிருந்த எனக்கு ஒரு சர்வே கேம்ப்பில் தினக்கூலிக்கு எழுத்து வேலை கிடைத்தது. அனந்தபுரம் பக்கத்து மலை ஒன்றில் ஏதோ தாது இருக்கிறதாம், சுரங்கம் போடலாமா என்று பார்க்க மெஷின் வைத்துத் துளை போடப்போகிறார்களாம். அதற்கு முன்னால் மலையில் என்னென்ன இருக்கிறது என்று எழுதி வைக்க வேண்டும். சுனை, பறவை, மேய்ச்சல், மனித நடமாட்டம் என்று ஒரு தாளில் வரிசையாக இருக்கும். ஏறிப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் எதிரில் எழுதுவது என் வேலை. அந்த மலையடிவாரத்து ஊரில்தான் என் அக்கா ஞானத்தைக் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமா சவரிமுத்து அந்த மலையிலேயே ஆடு மேய்க்கிறவர்.

கிழக்குப் பக்கத்தை ஒழுங்காகத்தான் ஏறிப் பார்த்தேன். மேற்குப் பக்கம் போக வேண்டிய அன்று கத்திரி வெயில், பாறையும் செங்குத்து. போதாததற்கு, நிறைய எழுதினால் மறுபடி ஆள் வந்து பார்ப்பார்கள், மெஷின் வருவது தள்ளிப்போகும் என்று கேம்ப் ஆபீசர் ஜாடையாகச் சொல்லியிருந்தார். மெஷின் வந்தால் எனக்கு வேலை நிரந்தரமாகும் என்று ஒரு நப்பாசை. புளியமரத்தடியில் உட்கார்ந்து தாளை எடுத்துவிட்டேன். ஆடுகளை ஓட்டிக்கொண்டு போன மாமா நின்று பார்த்தார்.

"இன்னா மச்சான், உக்காந்த எடத்துலயே மலைய அளந்துட்டியா?" என்று கேட்டுவிட்டு மேலே ஏறினார். நானும் சிரித்தேன்.

அந்தப் பக்கம் எந்தக் கோடையிலும் வற்றாத சுனை ஒன்று உண்டு, நானே குடித்திருக்கிறேன். தெரிந்தேதான் சுனை இல்லை என்று எழுதினேன். பறவை இல்லை என்று எழுதினேன், அதுவரை கத்திக்கொண்டிருந்த செம்போத்து நின்றுவிட்டது. மேய்ச்சல் இல்லை என்று எழுதினேன், ஆட்டு மணிச் சத்தம் நின்றது. இதெல்லாம் பிறகு யோசித்தபோது தெரிந்தது, எழுதும்போது கவனிக்கவே இல்லை. பாறைக்குப் பின்னாலிருந்து மாமா ஹேய் ஹேய் என்று ஆடுகளை அதட்டுவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசி வரியில் மனித நடமாட்டம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதுவும் நின்றது.

மத்தியானம் கூழ் குடிக்க மாமா வரவில்லை. போய்ப் பார் என்று அக்கா அனுப்பினாள். ஏறினேன். அவர் தினமும் நடந்த ஒற்றையடிப் பாதையைக் காணோம், நம்பினால் நம்புங்கள், அந்த இடத்தில் முள் புதராய் மண்டிக் கிடந்தது. எங்கேயும் ஓர் ஆட்டுப் புழுக்கை இல்லை, ஒரு குருவி இல்லை. சுனைக் குழிக்குப் போனேன். வற்றியிருந்தால் பாசியாவது இருக்கும், ஈரத்தின் கறையாவது இருக்கும். தண்ணீரையே பார்த்திராத பாறையாக இருந்தது அது. அப்போதுதான் சட்டைப்பையில் இருந்த தாள் எனக்கு ஞாபகம் வந்தது.

பேனாவை எடுத்து, சுனைக்கு எதிரில் எழுதியதை அடித்துவிட்டு உண்டு என்று எழுதினேன். நிமிர்ந்தால் குழி நிறையத் தண்ணீர், உள்ளே தவளை வேறு. பறவை உண்டு என்றேன், செம்போத்து கத்தியது. மேய்ச்சல் உண்டு என்றேன், பாறை மறைவிலிருந்து ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வந்தன. கடைசி வரியை அழுத்தி அடித்ததில் தாள் கிழிந்தது. கிழிந்த இடத்திலேயே உண்டு என்று எழுதினேன். ஹேய் ஹேய் என்று மாமாவின் குரல் கேட்டது. அழுதுகொண்டே ஓடினேன். குரல் இருந்த இடத்தில் ஆள் இல்லை.

ஊரே மூன்று நாள் தேடியது. போலீஸ்காரர்கள் வந்து பாறை இடுக்கில் விழுந்திருப்பார் என்று எழுதிக்கொண்டு போனார்கள். அவர் துண்டுகூடக் கிடைக்கவில்லை. மெஷினும் வந்தது, நாலைந்து துளை போட்டு, பிரயோஜனமில்லை என்று திரும்பிப் போனது. என்னையும் வேலையிலிருந்து நிற்கச் சொல்லிவிட்டார்கள். கேம்ப்பில் வாங்கிக்கொண்ட அந்தத் தாள் எந்த ஆபீஸுக்குப் போனதோ தெரியாது. மாதா கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பொய் எழுதியது பாவம்தான், ஆள் போனதற்கு நீ பொறுப்பில்லை என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

அக்கா மட்டும் அழவில்லை. "அவரு மேலதான் இருக்காருடா தம்பி, கொரல் கேக்குதுல்ல" என்றாள். தினமும் தூக்கில் கூழ் எடுத்துப்போய்ச் சுனையோரம் வைப்பாள். மறுநாள் தூக்கு காலியாக இருக்கும். குரங்கு குடித்திருக்கும் என்றார்கள் ஊரில். குரங்கு குடித்துவிட்டுத் தூக்கைக் கழுவிக் கவிழ்த்து வைக்குமா? கல்லறைத் திருநாளில் எல்லோரும் அவரவர் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள், இவளுக்கு ஏற்ற ஒரு பிடி மண்கூட இல்லை. தாலியையும் கழற்றவில்லை. அவளை அப்படி ஆக்கினவன் நான் என்று கடைசிவரை அவளிடம் சொல்லவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் அக்கா போய்விட்டாள். கூழும் நின்றுவிட்டது. எண்பது தாண்டிய எனக்கு அந்த மலை ஏறக் காலில்லை. ஆனால் உச்சி வெயிலில் அடிவாரத்தில் நின்றால் இன்னமும் குரல் கேட்கிறது, வயதே ஆகாத அதே குரல். இப்போதெல்லாம் ஆடுகளை அதட்டுவதில்லை. ஞானம், ஞானம் என்று கூப்பிடுகிறது. கொஞ்ச நேரம் நிறுத்தும், பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி, பிறகு மறுபடியும் கூப்பிடும். அவள் செத்துப்போய்விட்டாள் என்று அவருக்குச் சொல்ல வேண்டியவன் நான்தான். போய் நிற்கிறேன், வாய் வராமல் திரும்பி வந்துவிடுகிறேன்.