கூரைக்கடியில் அடைத்த காற்று

அந்தமானின் கராச்சர்மாவில் சுனாமிக்குப் பிறகு நாங்கள் கட்டியது தகரக் கூரை வீடு. சுவருக்கும் கூரைக்கும் நடுவே காற்றுக்காக இடைவெளி விட்டிருந்தோம். மதுரையிலிருந்து வந்த மைத்துனன் அதைப் பார்த்துச் சிரித்தான்.

"மச்சான், ஏசி காத்தெல்லாம் வெளிய போகுது. அதை அடைச்சு தெர்மகோல் சீலிங் போடுங்க. உங்களுக்குக் கரண்ட் மிச்சம், தீவுக்குக் கரண்ட் எடுக்க எரிக்கிற டீசல் மிச்சம்!"

எதிர்த்துப் பேசக் கூச்சப்பட்டுத் தலையாட்டினேன். பில் குறைந்தது உண்மைதான். ஆனால் எங்கள் மழை மே மாதம் பிடித்தால் மாதக்கணக்கில் விடாது. ஈரம் வெளியேற வழியின்றி மேலேயே தங்கிவிட்டது.

ஒரு மத்தியானம் என் மனைவி தண்ணீர் குடிக்க எழுந்தாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் சீலிங்கும் மரச்சட்டமும் தொப்பென்று விழுந்தன. மேலே பார்த்தால் மரமெல்லாம் இற்று, தகரமெல்லாம் துரு.

"அச்சா, பில் கம்மியாச்சுல்ல, இப்ப குஷியா?" என்றாள்.

மிச்சமான பணமெல்லாம் புதுத் தகரத்துக்கே போதவில்லை. அதுவும் மெயின்லேண்டிலிருந்து டீசல் குடிக்கிற கப்பலில் வந்தது. சட்டத்துக்கு மரம் வேறு வெட்ட வேண்டியதாயிற்று. நனைந்த தெர்மகோல், போட இடமில்லாமல் கொல்லையில் இன்னும் கிடக்கிறது.

இடைவெளியை மறுபடி திறந்துவிட்டு, வெயில் சூடு இறங்காமலிருக்கத் தகரத்துக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்திருக்கிறோம். இப்போதெல்லாம் யார் யோசனை சொன்னாலும் கூச்சத்தை விட்டு முதலில் கேட்டுவிடுகிறேன்: "உங்க ஊர்ல எத்தனை மாசம் மழை?"