பதிலுக்கு ஏதாவது பெற்றீர்களா?

இரண்டு வருடங்களுக்கு முன், ஈஸ்டருக்கு முந்தின வாரம் நடந்தது இது. இத்தாலியின் தெற்கே பலெர்மோ நகரத்தில், லிபெர்த்தா என்ற வசதியானவர்கள் வாழும் பகுதியில், தனியாக இருக்கும் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அன்றைக்கு ஆப்பிரிக்கப் பக்கத்திலிருந்து புழுதியோடு சூட்டுக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு, சாப்பாட்டு மேசையில் லாப்டாப்பைத் திறந்து வைத்து, நானும் அவரும் அமெரிக்க வருமான வரிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தோம். மன்னாரில் பிறந்து பலெர்மோவில் வீடு துடைக்கிறவளுக்கும் அமெரிக்க வரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் என்னிடமே கேட்டுக்கொண்டிருந்தேன்.

சின்யோரா என்றுதான் அவரை நான் கூப்பிடுவேன். இங்கே வீட்டுக்கார அம்மாக்களை அப்படித்தான் அழைப்போம். பலெர்மோவில் பிறந்து, இளம் வயதில் அமெரிக்கா போய், அங்கே ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் ஓய்வு பெறும் வரை வேலை செய்தவர். கணவர் போன பிறகு தாய் தகப்பன் வாழ்ந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார். ஆனால் ஓய்வுக்காலச் சேமிப்பு முழுவதும் அமெரிக்காவில் ஒரு கணக்கில் கிடக்கிறது. வயது ஏறிவிட்டால் வருடா வருடம் அதிலிருந்து ஒரு பகுதியைக் கட்டாயம் எடுக்க வேண்டுமாம், எடுத்ததற்கு வரியும் கட்ட வேண்டுமாம். அந்தக் காசு இவர் கையில் படாமல், கணக்கிலிருந்து நேரே அமெரிக்காவில் பதிவான ஒரு தர்ம நிறுவனத்துக்குப் போனால் மட்டும் வரி இல்லை. இதையெல்லாம் அவர்தான் எனக்கு விளக்கினார். அவருக்குக் கண் மங்கிவிட்டதால் திரையில் இருப்பதை நான் வாசிப்பேன். அவர் சொல்வதை நான் தட்டுவேன். பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் அப்படியாவது உதவட்டுமே.

அதற்கு முந்தின வருடம் ஒரு நாள், தனக்குத் தெரிந்த தர்ம நிறுவனங்கள் எல்லாம் கலண்டர் அனுப்பியே தன்னைக் கொல்கின்றன என்று சின்யோரா சலித்துக்கொண்டார். உனக்குத் தெரிந்த நல்ல இடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்தில், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இலவசமாக இரத்தம் சுத்திகரித்துக் கொடுக்கும் ஒரு நிலையம். அமெரிக்காவில் இருக்கும் எங்கள் டாக்டர்மார் சிலர் அங்கேயே முறைப்படி பதிவு செய்த அறக்கட்டளையின் பேரில் அதை நடத்துகிறார்கள். என் தம்பி சுத்திகரிப்புக்கு அந்த நிலையத்துக்குத்தான் போய் வருகிறான். அதையும் மறைக்காமல் சொன்னேன். நாலைந்து நாள் கழித்து, அனுப்பியாயிற்று என்று மட்டும் சொன்னார். எவ்வளவு என்று பிறகு தெரிந்தபோது நான் குசினிக்குள் போய் நின்று அழுதேன்.

செய்தி எங்கள் சனத்துக்குத் தெரிந்தது. கால்சாவில், பழைய துறைமுகத்துக்குப் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயில் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பூசை நடக்கும். அங்கே வருகிறவர்கள் எல்லாரும் என்னைப் போல வீடு துடைப்பவர்கள், கிழவர்களைப் பராமரிப்பவர்கள், உணவகங்களில் பாத்திரம் கழுவுபவர்கள்தான். எங்கள் ஆட்களின் குணம் உங்களுக்குத் தெரியுமே. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் கறி வந்தால், அந்தக் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க எங்களுக்குக் கை வராது. இவ்வளவு பெரிய காரியம் செய்த மனிசிக்கு நாங்கள் ஒன்றும் செய்யாமல் இருப்பதா என்று ஆளாளுக்குத் துடித்தார்கள். காசு சேர்ந்தது. ஒரு மெல்லிய தங்கச் சங்கிலி வாங்கினோம். பூசை முடிந்த ஒரு ஞாயிறு, சின்யோராவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்து, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, கழுத்தில் சங்கிலியும் போட்டுவிட்டோம்.

இதில் ஒரு அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கால்சாவில் ஒரு உணவகத்தில் வேலை. அந்த அறக்கட்டளைக்கு இத்தாலியில் தான்தான் எல்லாம் என்று தானே சொல்லிக்கொள்வார். ஆள் தங்கமானவர், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் மேடை, பெயர்ப்பலகை, படம் இல்லாமல் அவருக்கு ஒரு நல்ல காரியமும் நல்ல காரியமாகத் தெரியாது. வெறும் சங்கிலி மட்டும் கொடுத்தால் எடுப்பாக இருக்காது என்று, ஒரு கண்ணாடி விருது செய்வித்துக் கொண்டுவந்தார். அதில் அறக்கட்டளையின் பெயரைப் பெரிதாகப் பொறித்து, அதன் சார்பில் இந்தப் பொற்சங்கிலி அணிவிக்கப்படுகிறது என்று எழுதியிருந்தது. அதை ஒவ்வொரு சொல்லாகச் சின்யோராவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னவள் நான்தான், அவ்வளவு பெருமை எனக்கு.

அந்த விருது அவர் வீட்டுக் கண்ணாடி அலுமாரிக்கு மேலே வந்து உட்கார்ந்தது. சங்கிலி கழுத்தைவிட்டு இறங்கவே இல்லை.

இனி அந்த வரிக் கணக்குக்கு வருகிறேன். அந்த மென்பொருள் மிகவும் நாகரிகமாகப் பேசும். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் நன்றாகச் செய்கிறீர்கள் என்று தட்டிக்கொடுக்கும். திரையின் மேல் மூலையில் ஒரு எண் இருக்கும். நமக்குத் திரும்பி வரவேண்டியது என்றால் பச்சை, நாம் கட்டவேண்டியது என்றால் சிவப்பு. கணக்கிலிருந்து எடுத்த முழுத் தொகையையும் தட்டினேன். எண் சிவப்பாகிக் கிடுகிடுவென்று ஏறியது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பயப்படாதே, இன்னும் கேட்கும் என்றார் சின்யோரா. கேட்டது. இதில் எவ்வளவு நேரே தர்மத்துக்குப் போனது என்றது. தட்டினேன். எண் இறங்கிப் பச்சைக்கு வந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டு, அடுத்த கேள்வியை வாசித்தேன்.

இந்த நன்கொடைக்குப் பதிலாக நீங்கள் அந்த நிறுவனத்திடமிருந்து ஏதாவது பெற்றீர்களா?

சின்யோராவின் கை கழுத்துக்குப் போனது. சங்கிலியைத் தொட்டபடியே அலுமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தத் தூரத்திலிருந்து அவரால் எழுத்தை வாசிக்க முடியாது. ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்று நான்தானே சொல்லிக் கொடுத்திருந்தேன்.

"ஆம் என்று போடு" என்றார்.

போட்டேன். சங்கிலியின் விலை அளவுக்கு மட்டும் சலுகையைக் குறைக்கும் என்றுதான் நினைத்தேன். இல்லை. பதிலுக்கு ஒன்றைப் பெற்றால் அந்த நன்கொடை முழுவதுமே இந்தச் சலுகைக்கு ஆகாது என்று எழுத்து வந்தது. எண் மறுபடி சிவப்பாகி, பழைய இடத்தையே போய்ப் பிடித்தது. எண்ணை வாசி என்றார். வாசித்தேன். அவர் முகத்தில் இரத்தமே இல்லை.

அதன் பொருள் எங்கள் இருவருக்கும் தெரியும். காசு தர்மத்துக்குப் போய்விட்ட பிறகு அந்த வரியையும் கட்டினால் அவரால் அந்த வீட்டை வைத்திருக்க முடியாது. மிலானில் இருக்கும் அவருடைய தங்கை மகன் ஏற்கெனவே ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பார்த்து வைத்திருந்தார். எப்போது சாட்டுக் கிடைக்கும் என்று காத்துக்கொண்டிருந்தார். தான் பிறந்த வீட்டிலேயே சாக வேண்டும் என்பது ஒன்றுதான் சின்யோரா இந்த உலகத்தில் கேட்டது. அதை நாங்கள் மாலை போட்டுப் பறித்துவிட்டோம். என் வேலையும், அதை நம்பியிருக்கும் பெர்மெஸ்ஸோ என்கிற இந்நாட்டில் தங்கும் அனுமதியும் கூடப் போய்விடும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அந்த நேரத்தில் அந்தச் சங்கிலியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் லாப்டாப்பை மூடச் சொன்னார். சங்கிலியைக் கழற்றி மேசையில் வைத்தார். அதைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடு என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். எங்கள் சனத்திடம் அதை எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பேன்? நல்ல வேளை, எழுந்து படுக்கப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் கால்சாவில் இறங்கி, உணவகத்தின் பின்வாசலில் அண்ணையைப் பிடித்து நடந்ததைச் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நாங்கள் நல்லதெண்டு நினைச்சுத்தானே தங்கச்சி செய்தனாங்கள்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்த மனிசிக்குக் கண் தெரியாதுதானே. நீங்கள் இல்லை எண்டு அமத்திவிடுங்கோ. ஆர் வந்து பாக்கப் போகினம்?" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு நல்லாக ஏசிவிட்டு வந்தேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், நான் குடியிருக்கும் பிரான்காச்சோவுக்குப் போகும் பஸ்ஸில் வழி முழுக்க அவர் சொன்னதைத்தான் யோசித்துக்கொண்டு போனேன். ஒரு விரல் வேலைதானே என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் சின்யோராவுக்குக் கோப்பி கொடுத்தபோது, என் மனதுக்குள் எட்டிப் பார்த்தவர் போல அவரே சொன்னார். "இந்தக் கம்ப்யூட்டர் நாம் எதைச் சொன்னாலும் நம்பிவிடும். அதனால்தான் அதனிடம் பொய் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது."

எனக்குத் தலை நிமிரவில்லை.

அந்த மென்பொருளில், கேள்வி இருந்தால் ஒரு நிபுணரோடு பேசலாம் என்று ஒரு இடம் இருந்தது. அதை அழுத்தினேன். அமெரிக்காவின் ஏதோ ஒரு மூலையிலிருந்து ஒரு பெண் பேசினார். பின்னால் ஒரு நாய் குரைத்துக்கொண்டே இருந்தது. சின்யோரா ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார். விருதில் எழுதியிருப்பதையும் என்னை வாசிக்கச் சொன்னார். நடுவில் அந்தப் பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். சங்கிலி வாங்கிய காசு யாருடையது? அறக்கட்டளையுடையதா?

அந்தக் கேள்வியை எங்களில் ஒருவரும் கேட்கவே இல்லை. இல்லை, எங்களுடையது, இங்கே பூசைக்கு வருகிற ஆட்களுடையது என்றேன். அறக்கட்டளைக்கு அது தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றுதான் நினைக்கிறேன் என்றேன். அவர் நாயை ஒரு அதட்டு அதட்டினார். பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். நிறுவனம் கொடுத்தால்தான் அது கைம்மாறு. அக்கம்பக்கத்தவர்கள் அன்பில் கொடுத்தது வெறும் பரிசு. எதையும் எதிர்பார்த்தும் இவர் கொடுக்கவில்லை. ஆனால் வாயால் சொன்னால் போதாது, பதிலுக்குத் தாங்கள் ஒன்றும் கொடுக்கவில்லை என்று அந்த அறக்கட்டளை எழுத்தில் தர வேண்டும், அது கையில் கிடைக்காமல் கணக்கை அனுப்பாதீர்கள் என்றார். முகம் தெரியாத அந்த மனிசி, எங்களோடு பேசிய நேரம் முழுக்க ஒரு முறை கூட அவசரப்படவில்லை.

அண்ணையை அமெரிக்காவுக்குத் தொலைபேசி எடுக்க வைத்தேன். அங்கேயிருந்த டாக்டருக்குச் சங்கிலி, விருது ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. தங்கள் பெயரைக் கேட்காமல் பொறித்ததற்கு அண்ணைக்கு நன்றாகக் கிடைத்தது. விசாரித்துப் பார்த்து, அறக்கட்டளைக் காசு ஒரு சதம் கூட அதில் இல்லை என்று உறுதியான பிறகு கடிதம் அனுப்புவதாகச் சொன்னார். நல்ல சேதியைக் கொண்டு ஓடினேன். சின்யோரா சிரிக்கவில்லை. பெயரைப் பொறித்த அந்த மனிதரே வந்து தன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார்.

அண்ணை வந்தார். கோயிலுக்குப் போடும் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். தன் உடைந்த இத்தாலியனில், இது அறக்கட்டளை கொடுத்ததில்லை, நாங்கள் கொடுத்தது, பெயர் போட்டது என் பிழை என்றார். நாங்கள் என்றால் யார் என்று கேட்டார் சின்யோரா. அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார். மாடிப்படி கழுவுகிற ஒரு அக்கா. சந்தையில் மீன் பெட்டி தூக்குகிற ஒருவர். வேலை போய் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிற ஒரு பெண், அவவிடம் நாங்கள் கேட்கவில்லை, அவவே கொண்டுவந்து தந்தவ. இந்தத் தெருவிலேயே, எதிர் வீட்டில் சமைக்கிற ஒரு தம்பி.

சின்யோரா அதிர்ந்துபோய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்தச் சிவப்பு எண்ணைக் கேட்டபோது கூட அவரை நான் அப்படிப் பார்க்கவில்லை.

"நான் இதைப் பணக்கார டாக்டர்கள் கொடுத்தது என்று நினைத்தல்லவா போட்டுக்கொண்டிருந்தேன்" என்றார். "இவர்கள் என்று தெரிந்திருந்தால் வாங்கியிருக்கவே மாட்டேன்."

"அதுக்குத்தான் நாங்கள் சொல்லேல்லை" என்று அண்ணை எனக்குத் தமிழில் முணுமுணுத்தார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்யோரா என்னவென்று கேட்க, நான் மொழிபெயர்த்தேன். அவர் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். பிறகு சங்கிலியை எடுத்து என்னிடம் நீட்டி, கழுத்தைக் குனிந்து காட்டினார். மாட்டிவிட்டேன். விருதை மட்டும் அண்ணை தன் கைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

கடிதம் வந்தது. லாப்டாப்பைத் திறந்து, அந்தக் கேள்வியை மறுபடி வாசித்தேன். இந்த முறை 'இல்லை' என்று போடச் சொன்னார். எண் பச்சையானது. சின்யோரா இன்னமும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். என் வேலையும் அங்கேதான்.

போன வருடம் அவர் மறுபடியும் அனுப்பினார். கூடவே ஒரு கட்டளையும் போட்டார். யாரும் எதையும் தரக்கூடாது, ஒரு பூக்கூட வேண்டாம், ஆனால் சங்கிலி கொடுத்தவர்களின் முகங்களைத் தான் பார்க்க வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். மாலை இல்லை, பொன்னாடை இல்லை. எங்கள் சனம் கையைப் பிசைந்துகொண்டு நின்ற நிற்பு இருக்கிறதே, பாவமாக இருந்தது. வாங்கிக்கொண்டு சும்மா நிற்க எங்களை யாரும் பழக்கவில்லை. திரும்பும்போது கோயில் படிக்கட்டில், மாடிப்படி கழுவுகிற அந்த அக்காவால் பொறுக்க முடியவில்லை. கையையாவது பிடித்து இறக்கிவிடட்டுமா என்று கேட்டார். சின்யோரா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என் பக்கம் திரும்பிக் குறும்பாகக் கேட்டார்.

"இது பதிலுக்கு வாங்கியதாகுமா?"

"இல்லை என்றே போடலாம், சின்யோரா" என்றேன்.

இப்போது யாருக்காவது சின்னதாக ஒன்றைக் கொடுத்தாலும் அந்தத் திரையில் வந்த கேள்வி எனக்குள் கேட்கிறது, ஆனால் ஊரிலிருந்து என் தம்பி தொலைபேசி எடுத்து இன்றைக்கும் நிலையத்துக்குச் சுகமாகப் போய் வந்தேன் அக்கா என்று சொல்லும் ஒவ்வொரு முறையும், சிலதைத் திருப்பிக் கொடுக்கவே முடியாது, கண்கலங்க வாங்கிக்கொள்ள மட்டுந்தான் முடியும் என்பதை நான் புதிதாகக் கற்றுக்கொள்கிறேன்.