தலைக்கு மேலே மீட்டர்

என் மனைவி சுந்தரவல்லி யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அந்த வீட்டு மீட்டர் பெட்டியைத்தான் பார்ப்பாள். கல்யாணமான புதிதில் என் அத்தை வீட்டுக்கு விருந்துக்குப் போனோம். ஆரத்தித் தட்டோடு அத்தை வாசலில் நிற்கிறாள். புதுப்பெண்ணோ மாடிப்படிக்கு அடியில் குனிந்து மீட்டரைப் படித்துக்கொண்டிருக்கிறாள். "ஏன்டா ஜவஹர், பொண்ணு எதையாவது தொலைச்சிடுச்சா?" என்று அத்தை கேட்டாள். எனக்கு மானமே போயிற்று.

மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் ரீடிங் எடுக்கும் வேலை அவளுக்கு. அவள் அப்பா லைன்மேனாக இருந்து பணியில் இறந்துபோனதால் கருணை அடிப்படையில் கிடைத்தது. அடையாறு பக்கம் அவள் ஏறாத மாடி இல்லை, அவளைப் பார்த்துக் குரைக்காத நாய் இல்லை. கேட்டுக்கு வெளியே நின்று "ஈபி ரீடிங்!" என்று ஒரு குரல் கொடுத்தால் எதிர் வீட்டுக்காரரும் கதவைத் திறப்பார். வெயிலோ, நாயோ, "அப்புறமா வாம்மா" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்கிறவர்களோ அவளை ஒன்றும் செய்ததில்லை. ஆனால் வானம் இருட்டிக்கொண்டு வந்தால் மட்டும் அவள் வேறு ஆளாகிவிடுவாள். சோறு இறங்காது. ஜன்னலுக்கும் தெருவுக்குமாக நடப்பாள். பிள்ளைகள் சத்தமாகச் சிரித்தால்கூட அதட்டுவாள்.

காரணம் இல்லாமல் இல்லை. 2015 டிசம்பரில் நாங்கள் கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டி ஒரு தரைத்தள வீட்டில் இருந்தோம். பெரியவள் ஷண்முகப்ரியாவுக்கு இரண்டரை வயது. நான் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேட்டி செக்‌ஷன். மழையில் பஸ் ஓடாததால் கடையிலேயே தங்கிவிட்டேன். விடியும்போது ஆறு எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. கதவைத் திறக்க முடியவில்லை. வல்லி கட்டிலின் மேல் மேஜையைப் போட்டு, பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு அதன்மேல் நின்றாள். மீட்டர் பெட்டி தண்ணீருக்குள் போய்விட்டது. கரன்ட் இல்லைதான். ஆனால் அது எந்த நிமிடம் திரும்ப வரும் என்று யாருக்குத் தெரியும்? ஈரச் சுவரில் கை பட்டால் பிள்ளையோடு சேர்ந்து போய்விடுவோம் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஏழு மணி நேரம் எதிலும் சாயாமல் நின்றாள். மதியத்துக்கு மேல் பட்டினப்பாக்கத்து மீனவர்கள் படகில் வந்து ஜன்னல் கம்பியை அறுத்து இருவரையும் வெளியே எடுத்தார்கள்.

பிறகு மந்தைவெளியில் ஒரு முதல் மாடிக்குக் குடிவந்தோம். இளையவள் மீனாட்சி அங்கேதான் பிறந்தாள். ஒன்பது வருஷம் நிம்மதியாக ஓடியது. இந்தப் பொங்கலுக்கு வீட்டுக்காரர் கரும்போடு ஒரு செய்தியையும் கொண்டுவந்தார். கட்டடத்தை இடித்துவிட்டு ஃபிளாட் கட்டப் போகிறார்களாம், மே மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டுமாம். இன்று மயிலாப்பூர் பக்கம் கேட்கிற வாடகைக்கு நாங்கள் வாசற்படியில்கூட நிற்க முடியாது. தாம்பரம் தாண்டித் தேடினோம். கடைசியில் இரண்டு ஊர்கள் மிஞ்சின. செம்பேடு ஒன்று, நெடுமரப்பாக்கம் ஒன்று. ஒரே ரயில் நிலையம், இந்தப் பக்கம் இறங்கினால் அது, அந்தப் பக்கம் இறங்கினால் இது.

இரண்டு ஊருக்கும் ஒரே மின்வாரிய ஆபீஸ் என்பதால் வல்லியின் மாற்றலில் சிக்கல் இல்லை. சிக்கல் பிள்ளைகளைப் பற்றியது. நான் கடை மூடி ரயில் பிடித்து வீடு சேர பத்தரை, பதினொன்றாகும். வல்லி வர ஆறரை. பள்ளி விட்டு வரும் இரண்டு பெண்களும் தினமும் இரண்டரை மணி நேரம் வீட்டில் தனியாக இருந்தாக வேண்டும்.

"ஐப்பசி மழையில அந்த ரெண்டரை மணி நேரம் எந்த ஊர்ல இருக்கணும்? அதை மட்டும் சொல்லுங்க. மத்ததெல்லாம் உங்க இஷ்டம்" என்றாள் வல்லி.

எனக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. ஏப்ரல் மாதம், மண்டையைப் பிளக்கும் வெயில். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்திருந்தது, வல்லி லீவு போட்டாள். நால்வருமாக முதலில் செம்பேட்டுக்குப் போனோம். பழைய ஊர். ஆட்டோ நுழையாத சந்துகள், சாக்கடை நாற்றம், பெயர்ந்த சுவர்கள். ஜூலியட் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியையின் வீட்டு மாடி காலியாக இருந்தது. வல்லி வழக்கம்போல மீட்டரைத் தேடினாள். குனிந்து தேடியவள் நிமிர்ந்தாள். பெட்டி அவள் தலைக்கு மேலே இருந்தது. அந்த வீட்டில் மட்டுமல்ல, தெரு நெடுக எல்லா வீட்டிலும் அப்படித்தான். ரீடிங் எடுக்க ஸ்டூல் போட்டு ஏற வேண்டும்.

"தண்ணி வருமா டீச்சர்?" என்று கேட்டாள்.

"வராம என்னம்மா? அந்த வருஷம் இடுப்புக்கு மேல நின்னுச்சு. அதுக்கப்புறம்தான் எல்லாரும் மீட்டரை ஏத்திக்கிட்டோம்" என்று ஜூலியட் டீச்சர் காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னார். "ஐப்பசி பிறந்தா சர்ட்டிஃபிகேட்டு, அரிசி எல்லாம் மாடிக்குப் போயிடும். பிள்ளைங்களுக்கும் தெரியும். தெருமுனை டீக்கடைப் படியில தண்ணி ஏறினா மெயினை ஆஃப் பண்ணிட்டு எல்லாம் மேல போயிடும்."

வல்லியின் முகம் வெளுத்துவிட்டது. அவள் கை தானாக மீனாட்சியின் கையைப் பிடித்துக்கொண்டது. "போலாங்க" என்றாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அந்தச் சந்தும் நாற்றமும் எனக்கு ஆரம்பத்திலேயே பிடிக்கவில்லை.

தண்டவாளத்தைத் தாண்டினால் நெடுமரப்பாக்கம். அப்பாடா, ஊர் என்றால் இது அல்லவா ஊர்! அகலமான தெரு, வரிசையாகப் புது வீடுகள், ஊஞ்சலும் சறுக்குமரமும் வைத்த பூங்கா. புரோக்கர் பாலகணேஷ் பைக்கில் வந்து காத்திருந்தான். சைதாப்பேட்டைக்காரன், வாய் ஓயாது.

"இன்னா சார் யோசிச்சிகினு கீற? காத்து எப்டி வருது பாரு. ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது சார் இங்க. ஸ்கூலு அஞ்சு நிமிசம். பாப்பாங்களே நடந்து பூடும்."

வல்லி அவனைக் கவனிக்கவில்லை. மீட்டர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் இடுப்பு உயரம், அடுத்த வீட்டில் இடுப்பு உயரம், எதிர் வீட்டில் அதற்கும் கீழே. தண்ணீரைப் பார்த்தவன் எவனும் மீட்டரை இவ்வளவு தாழ்வாக வைக்க மாட்டான் என்று அவள் கணக்குப் போட்டாள். முகத்தில் ரத்தம் திரும்பியது. சிரித்தாள்கூட. தரைத்தளத்தில் இரண்டு படுக்கையறை, பளபளவென்று டைல்ஸ். ஷண்முகப்ரியா தனக்கென்று ஓர் அறையைப் பிடித்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். மீனாட்சி சறுக்குமரத்தைவிட்டு இறங்கவே மாட்டேன் என்றாள். "முடிச்சிடலாம்" என்று பாலகணேஷின் கையைக் குலுக்கினேன்.

கிளம்பும்போது வல்லி பழக்கதோஷத்தில் குனிந்து அந்த மீட்டரைப் படித்தாள். படித்தவள் நிமிரவில்லை. பிறகு அடுத்த வீட்டுக்குப் போனாள். பிறகு எதிர் வீட்டுக்கு. ஒரு வீட்டுக் கேட்டில் கை விட்டு எட்டிப் பார்த்தாள். உள்ளேயிருந்து ஒரு அம்மாள் "யாரும்மா நீ?" என்று கத்தினாள். தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்த பிறகுதான் வல்லி சொன்னாள்.

"பழைய வருஷத்து மீட்டர் ஒண்ணுகூட இல்லீங்க. செஞ்ச வருஷம் மீட்டர்லயே போட்டிருக்கும். எல்லாம் ரெண்டாயிரத்துப் பத்தொன்பது, இருபது, இருபத்திரண்டு. அந்த மழையைப் பார்த்த வீடே இந்தத் தெருவுல இல்ல."

"ரிப்பேர்னு மாத்தியிருப்பாங்க வல்லி!"

"மீட்டரை மாத்தலாம். முதல்ல கனெக்‌ஷன் குடுத்தப்போ போட்ட சர்வீஸ் நம்பரை மாத்த முடியாது. அதுவும் எல்லாம் புதுசு."

எனக்குக் கோபம் வந்தால் மயிலாப்பூர் வாய் வந்துவிடும். "இன்னா உன்னோட பேஜாரு! உயரமா இருந்தாலும் பயம், தாழ்வா இருந்தாலும் பயம். அப்ப எங்கதான் குடியிருக்கிறது, லைட்ஹவுஸ் மேலயா?" என்று நடுத்தெருவில் கத்தினேன். பாலகணேஷ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பிள்ளைகள் இரண்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றன.

திரும்ப ரயில் ஏறினோம். சைதாப்பேட்டை தாண்டும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "ஒன்பது வருஷமாப் பயந்து பயந்து சாகுற. பிள்ளைங்களையும் சாகடிக்கிற. எனக்கெல்லாம் பயம் இருக்கா பாரு" என்றேன்.

அவள் என்னைப் பார்க்காமலே, மெதுவாகத்தான் சொன்னாள். "உங்களுக்கு எப்படி இருக்கும்? அன்னைக்கு நீங்க அங்க இல்லையே."

செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. அவள் குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னாள். அதனால்தான் வலித்தது.

அடுத்த செவ்வாய் அவளிடம் சொல்லாமல் தனியாக நெடுமரப்பாக்கம் போனேன். அவள் சொல்வது தப்பு என்று நிரூபித்துவிட வேண்டும் என்ற வீம்பு. வேட்டி செக்‌ஷனில் இருபது வருஷம் நின்றவன், பேச்சுக் கொடுக்க எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? ஒவ்வொரு வாசலிலும் நின்று விசாரித்தேன்.

முதல் வீட்டு ஐயா சொன்னார்: "தண்ணியா? வரவே வராது தம்பி." எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள் என்று கேட்டேன். மூன்று வருஷமாம். அப்படியானால் எப்படித் தெரியும்? "பாலகணேஷ்னு ஒரு புரோக்கர், அவர் சொன்னாரு." அடுத்த வீட்டில் ஒரு பெண்மணி, இரண்டு வருஷம். அவளுக்கும் பாலகணேஷ்தான் சொன்னான். டீக்கடைக்காரர் போன ஆடியில் கடை போட்டவர். பூங்காக் காவலாளி வந்து ஒரு மாதம். ஒன்பது வாசல் ஏறி இறங்கினேன். எல்லோரும் அடித்துச் சொன்னார்கள், எல்லோருக்கும் அவன் ஒருவன்தான் சொல்லியிருந்தான். இந்த இடம் அந்த வருஷம் எப்படி இருந்தது என்று பார்த்த ஒரு மனிதர் அங்கே இல்லை. அப்போது இங்கே தெருவே இல்லை, பார்க்க ஆள் ஏது?

பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தேன். சறுக்குமரத்தில் யாரோ பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டிருந்தன. சாயங்காலம் நாலு மணி. என் பிள்ளைகள் பூட்டிய தரைத்தளத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் நேரம் இதுதான். வெளியே மழை. எவ்வளவு ஏறினால் ஓட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல இந்தத் தெருவில் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியுமா? வாழ்க்கையில் முதல்முறையாக வல்லி மேஜைமேல் நின்ற அந்த ஏழு மணி நேரத்தை நினைத்துப் பார்த்தேன். ஆமாம், முதல்முறைதான். அதுவரை அதை மற்றவர்களுக்குக் கதையாகச் சொல்லியிருக்கிறேன், அவ்வளவே.

வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். "செம்பேடே பார்த்துடலாம் வல்லி. டீச்சர் வீட்டு மாடி."

அவளுக்கும் அங்கே போகப் பயம்தான். "தண்ணி வர்ற ஊருங்க அது" என்றாள்.

"வரும்னு தெரிஞ்ச ஊரு. எங்க நிக்கணும், எப்ப ஏறணும்னு சொல்றதுக்கு அங்க ஆள் இருக்கு."

கடைசியில் தலையசைத்தாள். பிள்ளைகள்தான் அழுது தீர்த்தன. தன் அறை போய்விட்டதென்று ஷண்முகப்ரியா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகிறாள் என்று இருந்துவிட்டேன்.

பாலகணேஷுக்கு போன் செய்து, வீடு வேண்டாம் என்றேன். திட்டுவான் என்று நினைத்தேன். அவன் சிரித்தான்.

"இன்னா சார், தங்கமான ஊட்டை வுட்டுட்ட. பரவால்ல. வேற பார்ட்டி ரெடியா கீது. புருசன் பொஞ்சாதி, ஒரு கைக்கொயந்தை. வியாயக்கெயம காலைல சாமானோட வந்து எறங்குறாங்க."

போனை வைக்கப் போனவனை நிறுத்திக் கேட்டேன். "அவங்ககிட்ட சொன்னியா?"

"இன்னாத்த சொல்றது சார்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

நமக்கென்ன, நம் பிள்ளைகள் தப்பித்தார்கள் என்று இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. வேட்டியை மடிக்க எடுத்தால் மடிப்பு கோணியது. வல்லியிடம் சொன்னேன். "போய்ச் சொல்லிட்டு வாங்க. பயமுறுத்தாதீங்க, வருஷத்தை மட்டும் காட்டுங்க" என்றாள். வியாழக்கிழமை உடம்பு சரியில்லை என்று கடைக்குப் பொய் சொல்லிவிட்டு முதல் ரயிலைப் பிடித்தேன்.

மினி லாரியிலிருந்து பீரோவை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த இளைஞரின் பெயர் தௌஃபீக். என்னை உதவிக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர் என்று நினைத்துச் சிரித்தார். இருபது வருஷமாகத் துணி விற்கிற எனக்கு அன்று வாய் குழறியது. மழை என்றேன், மீட்டர் என்றேன், வருஷம் என்றேன். எனக்கே உளறலாகப்பட்டது. அவர் பீரோவை ஒரு கையால் தாங்கியபடி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓ, வேணாம்னுட்டுப் போன பார்ட்டி நீங்கதானா? இப்ப மறுபடி வேணுமா சார்? அதுக்கா இந்தக் கதை?" என்றார். லாரிக்காரர்கள் சிரித்தார்கள். அவர் பீரோவோடு உள்ளே போய்விட்டார்.

முகத்தில் கரி பூசிக்கொண்டு திரும்பி நடந்தேன். கேட்டைத் தாண்டுவதற்குள் பின்னால் கொலுசுச் சத்தம் கேட்டது. அவர் மனைவி குழந்தையை இடுப்பிலிருந்து இறக்காமலே மீட்டர் பெட்டிக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"அண்ணா, இதுல வருஷம் எங்க போட்டிருக்கும்?" என்று கேட்டாள்.