அடித்துவிட்ட விடை

ஸ்ரீரங்கத்தில் நான் அறிவியல் நடத்தும் பள்ளியில் அவள் கணக்கு டீச்சர். தினமும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் எனக்கு இடம் பிடித்து வைப்பாள். ஆறு வருடமாக ஒரே சீட்டில் காவிரிப் பாலத்தைக் கடந்தவர்கள் நாங்கள். அந்த நம்பிக்கையில்தான் கருத்துக் கேட்டு என் நோட்டைக் கொடுத்தேன்.

நோட்டு முழுக்க, மனப்பாடம் உதவாத கேள்விகள். அவற்றில் ஒன்றையாவது எட்டாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் வைக்கவேண்டும் என்று தலைமையாசிரியையிடம் மல்லுக்கட்டி அனுமதி வாங்கியிருந்தேன். பிள்ளைகள் சொந்தமாக யோசித்து எழுதாவிட்டால் பழைய முறைக்கே திரும்பிவிட வேண்டும் என்பது பேச்சு.

கேள்வி இதுதான்: மண்பானையை பிளாஸ்டிக் பையால் இறுக்கிச் சுற்றினால் தண்ணீர் இன்னும் குளிருமா? குளிராது. வெளியே கசியும் நீர் ஆவியாவதால்தானே பானைத் தண்ணீர் குளிர்கிறது. ஆனால் நோட்டில் நான் விடையை எழுதுவதில்லை. பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்பதைத்தான் குறித்துவைப்பேன். ‘குளிரும், பிளாஸ்டிக் வெயில் சூட்டை உள்ளே விடாது’ என்று எழுதியிருந்தேன்.

திருத்த உட்கார்ந்தபோது முதல் தாளில் அந்த வரி. சிரித்துக்கொண்டேன். அடுத்ததிலும் அதே வரி. பத்தாவது தாளில் நோட்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். கமா உட்பட என் வாக்கியம்.

மறுநாள் பஸ்ஸில் கேட்டேன். தன் ரிவிஷன் வகுப்பில் அந்தக் கேள்வியையும் வரியையும் போர்டில் எழுதிப்போட்டதை அவள் மறைக்கவில்லை. பிள்ளைகள் கோட்டைவிட்டால் எனக்குக் கெட்ட பெயர் வருமென்று பயந்தாளாம்.

“உங்களுக்காகத்தான் டீச்சர் செஞ்சேன்” என்றாள்.

அது தப்பான விடை என்றேன். முகம் சுருங்கியது. “அப்போ நோட்டுல ஏன் எழுதி வெச்சிருந்தீங்க?”

முதுகில் குத்திவிட்டு என்னையே கேள்வி கேட்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி மீதித் தூரத்தை நடந்தே போனேன்.

திருத்தாமல் வைத்திருந்த தாள்களில் ஒன்றில் மட்டும் மூன்று வரிகள் அடிக்கப்பட்டிருந்தன. எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்டு என் உயிரை வாங்குகிற பெண்ணின் தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். பை போட்டால் தண்ணீர் ஆவியாகிப் போக முடியாது, பிறகு எப்படிக் குளிரும் என்று எழுதியிருந்தாள். அதன் கீழே என் வரி.

அவளைக் கூப்பிட்டு, சரியாக எழுதிவிட்டு ஏன் அடித்தாய் என்று கேட்டேன்.

“அது உங்க நோட்டுலேயே இருக்குன்னு சொன்னாங்க மிஸ். அப்போ நான் யோசிச்சதுதான் தப்புன்னு அடிச்சிட்டேன்.”